ஜலஜாவுக்கு மட்டும்

ஸ்வர்ணா சீனாவுக்குப் போன பிறகுதான் சீனா எங்கே இருக்கிறது என்பதில் ஜலஜாவுக்கு அக்கறை வந்தது. அதற்கு முன் அவளுக்குச் சீனா என்றால் அவர்கள் குடியிருந்த ஃப்ரீமான்ட் ஊரின் மௌரி அவென்யூவில், மளிகைக் கடைக்கு இரண்டு கடை தள்ளி இருந்த நூடுல்ஸ் ஹோட்டல்தான். இப்போது மகள் கல்பனாவின் பள்ளிக்கூட அட்லாஸை மடியில் விரித்து, பீஜிங்கின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்தினால் ஊர் உள்ளே போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ.

ஜலஜாவுக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவாள். "நான் எதுக்கு அவளைப் பாத்துப் பொறாமைப்படணும்? எனக்கு என்ன குறைச்சல்?" என்பாள். சொன்ன கையோடு என்னென்ன குறைச்சல் என்று மனசுக்குள் ஒரு பட்டியலும் போடுவாள். அதில் இருப்பதெல்லாம் ஸ்வர்ணாவிடம் இருப்பவையாகவே இருக்கும்.

ஏழு வருஷத்துச் சிநேகிதம். 1978-ல் ஒரே மாதத்தில், ஒரே அபார்ட்மென்டில், எதிரெதிர் வீட்டில் குடிவந்தவர்கள். ஜலஜாவின் கணவன் பசுபதியும் ஸ்வர்ணாவின் கணவன் சிவராமகிருஷ்ணனும் ஒரே கம்பெனியில் இன்ஜினியர்கள். ஒரே காரில் விரிகுடாப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய் ஒரே காரில் திரும்பியவர்கள். ஆண்களுக்குள் ஒரு வம்பும் கிடையாது. பெண்களுக்குள்ளும் வெளியில் தெரிகிற மாதிரி ஒன்றும் கிடையாது. ஆனால் டிரைவிங் லைசென்ஸை ஸ்வர்ணா முதல் தடவையே வாங்கினாள். ஜலஜா மூன்று தடவை ஃபெயில். ஸ்வர்ணா முதலில் வீடு வாங்கினாள். டிசம்பர் குளிரில் ஊரில் யார் வீட்டு மாவும் பொங்காதபோது ஸ்வர்ணா வீட்டு மாவு பாத்திரத்தை விட்டு வெளியே வந்து நிற்கும். இதையெல்லாம் ஸ்வர்ணா ஒருநாளும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. அதுதான் ஜலஜாவால் தாங்க முடியாதது. பெருமை அடித்துக்கொண்டிருந்தாலாவது நாலு பேரிடம் குறை சொல்லியிருக்கலாம்.

1985 ஆகஸ்டில் கம்பெனியில் அந்தப் பேச்சு கிளம்பியது. பீஜிங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் புது இயந்திரங்கள் விற்றிருந்தார்கள். அவற்றை நிறுவி, அங்குள்ளவர்களுக்குப் பழக்கிக் கொடுக்க ஓர் இன்ஜினியர் குடும்பத்தோடு போக வேண்டும். பட்டியலில் இரண்டு பெயர். மேலே சிவராமகிருஷ்ணன், கீழே பசுபதி.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் ட்ரையல். அதுக்குள்ள அவா ஃபேமிலி அங்க செட்டில் ஆயிட்டா ஒரு வருஷம் கன்ஃபர்ம் பண்ணிடுவா" என்றான் பசுபதி, ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே. "சரிப்படலைன்னா அவாளைத் திருப்பிக் கூப்பிட்டுண்டு நம்மளை அனுப்புவா."

"சரிப்படாம போகுமோ?"

"ஏன் போகணும்? ஸ்வர்ணா எங்க விட்டாலும் மேனேஜ் பண்ணிடுவா."

அன்று ஜலஜா பசுபதிக்கு மோர் ஊற்றவில்லை. அவனே எழுந்து போய் ஊற்றிக்கொண்டான்.

மறுவாரமே அவள் ஊரெல்லாம் ஒரு கதையைப் பரப்பிவிட்டாள். முதலில் கேட்டது பசுபதியைத்தான் என்றும், கிரீன் கார்டு இன்டர்வியூ இருப்பதால் இவர்கள்தான் வேண்டாமென்று சொன்னார்கள் என்றும். கிரீன் கார்டு வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. இந்தப் பொய்யை அவள் சொல்லும்போதெல்லாம் பசுபதி பக்கத்தில் இருந்தால், எழுந்து கார் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவான்.

அக்டோபர் பாதியில் ஸ்வர்ணா, கணவனோடும் ஆறு வயது மீனாக்ஷியோடும் விமானம் ஏறினாள். ஏர்போர்ட்டில் ஜலஜாவைக் கட்டிக்கொண்டு, "உனக்குத்தான்டி எல்லாத்தையும் கேசட்ல பேசி அனுப்புவேன். நீதான் எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்" என்றாள். காரணம் இருந்தது. ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் வைக்கக்கூடிய, இரண்டு கேசட் போடுகிற பெரிய பெட்டி அந்த வட்டாரத்தில் ஜலஜா வீட்டில்தான் இருந்தது. ஸ்வர்ணாவுக்கு முன்னால் ஜலஜா வாங்கிய ஒரே பொருள் அது. அதுவே இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது.

முதல் கேசட் இரண்டே வாரத்தில் வந்தது. பீஜிங்குக்கும் கம்பெனிக்கும் ஆள்கள் போய்வந்துகொண்டிருந்ததால் தபாலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை விசாலாக்ஷி மாமி வீட்டில் வழக்கமான பஜனை. ஆளுக்கு ஒரு பாத்திரம் சமைத்துக்கொண்டு போவார்கள். மாமியின் கணவர் பிச்சுமணி மாமாதான் கம்பெனியில் வெளிநாட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் பிரிவில் பெரிய அதிகாரி. பெரியவர்களில் ஒரே தமிழர். ஆகவே அந்த வீட்டு பஜனைக்கு யாரும் லீவு போடுவதில்லை.

பஜனை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால், ஜலஜா தன் பெட்டியைத் தூக்கிவந்து நடு ஹாலில் வைத்துக் கேசட்டைப் போட்டாள்.

"எல்லாருக்கும் நமஸ்காரம். ஸ்வர்ணா பேசறேன், பீஜிங்லேருந்து. எங்களுக்கு ஓட்டல்ல அஞ்சாவது மாடி. காலம்பற கர்ட்டனைத் திறந்தா ரோடு முழுக்க சைக்கிள். காருன்னு பாத்தா நாலோ அஞ்சோதான். ரூமைப் பெருக்க ஒருத்தி, துணி தோய்க்க ஒருத்தி, பிளாஸ்க்ல வெந்நீர் வைக்க ஒருத்தி. வேலை செய்யாம எனக்குக் கையெல்லாம் மரத்துப் போறது."

கேட்டுக்கொண்டிருந்த பெண்களிடமிருந்து ஒரே நேரத்தில் பெருமூச்சு கிளம்பியது. எல்லாரும் அன்று காலையில் வாக்யூம் போட்டுவிட்டு வந்தவர்கள்.

"மீனுவோட வெளில போனா கூட்டம் கூடிடறது. அவ பின்னலைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறா. ஒரு தாத்தா அவ கையில ஆரஞ்சைக் குடுத்துட்டு, அவ சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் நின்னு பாத்துண்டே இருந்தார். சாப்பாடுதான் கொஞ்சம் கஷ்டம். மாமிசம் வேண்டாம்னு இவர் பேப்பர்ல சீன எழுத்துல எழுதி வாங்கிண்டு போய்க் காட்டினார். நன்னாத் தலையாட்டிட்டு பீன்ஸ் கொண்டு வந்தான். மேல பொடிப்பொடியா என்னமோ தூவியிருக்கு. என்னடான்னு கேட்டா, இவ்வளவு கொஞ்சமா போட்டா அது மாமிசத்துல சேத்தி இல்லையாம்!"

ஹாலே அதிர்ந்தது. பிச்சுமணி மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிறகு வந்ததுதான் குக்கர் கதை. அறையில் சமைக்கக்கூடாது என்பது ஓட்டல் சட்டம். ஸ்வர்ணா அங்கேயே ஒரு மின் அடுப்பு வாங்கி, குளியலறையில் ஒளித்துவைத்து, ஃப்ரீமான்டிலிருந்து கொண்டுபோன குக்கரில் துவரம்பருப்பை ஏற்றியிருக்கிறாள். முதல் விசிலுக்கே நாலு பேர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்களாம். ஒருவன் கையில் தீயை அணைக்கிற மணல் வாளி.

"நான் என்ன பண்ணுவேன்? பருப்பு வேக மூணு விசில் வேணுமோல்லியோ? இருங்கோ இருங்கோன்னு கையைக் காட்டினேன். காதைப் பொத்திண்டு வரிசையா நிக்கறா. மூணாவது விசில் வந்து, ஆவி அடங்கி, நான் மூடியைத் திறந்தா, ஒவ்வொருத்தரா வந்து எட்டிப் பாக்கறா. ஆளுக்கு ஒரு ஸ்பூன் பருப்பு குடுத்தேன். நன்னா இருக்குன்னு சாப்பிட்டுட்டுப் போயிட்டா!"

சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறியது. விசாலாக்ஷி மாமி, "இவளை மாதிரி ஒருத்தி உண்டோ! எங்க கொண்டு விட்டாலும் பொழைச்சுப்பா" என்றாள். போன மாதம் வரை ஜலஜாவின் கத்தரிக்காய் கொத்சைச் சுற்றிக் கூடிய கூட்டம் அன்று கேசட் பெட்டியைச் சுற்றியே நின்றது. கொத்சு அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்தது.

அடுத்த மூன்று வாரத்தில் அந்தக் கேசட்டை ஐந்து வீடுகளில் போட்டாள். வேறு வழி? கேட்கிறார்களே. மணல் வாளி வரும் இடம் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. எல்லாரும் சிரிப்பதற்கு ஒரு விநாடி முன்னால் அவள் எழுந்து காலி டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்துவிடுவாள். ஊரில் இருந்தபோதாவது ஸ்வர்ணா ஒரு வீட்டில்தான் இருந்தாள். ஊரை விட்டுப் போன பிறகு எல்லா வீட்டிலும் இருந்தாள்.

இரண்டாவது கேசட் நவம்பர் கடைசியில் வந்தது. பசுபதி சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மேலே சிவப்பு மசியில், ஸ்வர்ணாவின் குண்டு எழுத்தில், 'ஜலஜாவுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. அடிக்கோடும் போட்டிருந்தது.

மறுநாள் கல்பனா பள்ளிக்குப் போன பிறகு, ஜலஜா சத்தத்தைக் குறைத்துவைத்து, பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டாள். நமஸ்காரம் இல்லை. சிரிப்பு இல்லை. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான்.

"ஜலஜா, இங்க என்னால முடியலைடி. அடுப்பைப் பிடுங்கிண்டு போயிட்டா. அந்த பருப்பு சாப்பிட்டவாதான். மேலேருந்து ஆர்டராம். மீனு நாப்பது நாளா ரொட்டியும் வேர்க்கடலையும் தக்காளியும்தான் சாப்பிடறா. ரெண்டு தடவை ஜுரம் வந்துடுத்து. நேத்து ஃபுல்லா ரசம் ரசம்னு அழுதா. எங்கேருந்துடி ரசத்துக்குப் போவேன்? இவர் ஃபாக்டரியிலயே தங்கிடறார். சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை காலம்பற போயிடறார். எனக்குப் பேச ஒரு ஆள் கிடையாது. ஜன்னலுக்கு வெளில ரோட்டோரம் முழுக்க முட்டைக்கோஸைக் குவிச்சு வெச்சிருக்கா, குளிர்காலத்துக்கு. தினம் அதை எண்ணிண்டு உக்காந்திருக்கேன். பைத்தியம் பிடிச்சுடும்போல இருக்கு."

இங்கே ஸ்வர்ணா அழுதாள். வெளிப்படையாக, அடக்காமல். ஜலஜா அவள் அழுது கேட்டதே இல்லை.

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதே. இவர் என்கிட்ட சத்தியம் வாங்கிண்டிருக்கார். தெரிஞ்சா வேலை கன்ஃபர்ம் ஆகாது, திருப்பிக் கூப்பிட்டுடுவாங்கறார். முக்கியமா விசாலாக்ஷி மாமிக்குத் தெரியவே கூடாது. அவ காதுல விழுந்தா அடுத்த நிமிஷம் பிச்சுமணி மாமா காதுல விழுந்துடும். உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்டடி சொல்லுவேன்?"

கேசட் முடிந்து வெறும் இரைச்சல் ஓடியது. ஜலஜாவின் கன்னமெல்லாம் ஈரம். உண்மையான அழுகை, அதில் கலப்படம் இல்லை. மீனுவைப் பிறந்த மூன்றாம் நாளிலிருந்து தூக்கியவள் அவள். ரசத்துக்கு அழுகிற குழந்தையை நினைத்து மார்பு வலித்தது.

முகம் கழுவிக்கொண்டு வந்து காபி கலந்தாள். பாதி காபி குடிப்பதற்குள் வேறு ஒரு நினைப்பு வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது. 'சரிப்படலைன்னா நம்மளை அனுப்புவா.' கிறிஸ்துமஸுக்கு ஒரு மாசம்கூட இல்லை. மீதி காபியை அவள் மிகவும் ருசித்துக் குடித்தாள். குடித்த பிறகு, ருசித்தோமே என்று வெட்கப்பட்டாள். அந்த வெட்கம் பாத்திரம் தேய்க்கும்வரை இருந்தது.

பத்து நாள் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சொல்வது துரோகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பது மட்டும் நல்லதா? குழந்தை அங்கே ஜுரத்தில் கிடக்கிறது. சொன்னால் ஸ்வர்ணாவைத் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள். மீனுவுக்கு ரசம் கிடைக்கும். யாருக்கு நஷ்டம்? சிவராமகிருஷ்ணனுக்கு ஒரு வேலை போகும், பசுபதிக்கு வரும், அவ்வளவுதானே. இப்படியே நியாயம் பேசிப் பேசி, கடைசியில் ஸ்வர்ணாவின் நன்மைக்காகவே தான் இதைச் செய்ய வேண்டியிருக்கிறது என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தாள். அந்த இடம் அவளுக்கு மிகவும் வசதியாக இருந்தது. தானும் கல்பனாவும் அங்கே போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வோம் என்ற கேள்வி மட்டும் ஏனோ அவளுக்கு வரவே இல்லை.

சனிக்கிழமை விசாலாக்ஷி மாமி வீட்டு வாசலிலேயே கேட்டாள்: "என்ன ஜலஜா, புது கேசட் ஏதாவது வந்துதா?"

"இல்லையே மாமி. அந்தப் பழசுதான். குக்கர் கதையை இன்னொரு தடவை கேக்கணும்னேளே, கொண்டு வந்திருக்கேன்."

பஜனை முடிந்தது. ஜலஜா கைப்பையைத் திறந்தாள். உள்ளே இரண்டு கேசட்டுகளும் இருந்தன. ஒன்றில் பச்சை எழுத்து, ஒன்றில் சிவப்பு. கண் தெரியாதவள்கூட மாற்றி எடுக்க மாட்டாள். சிவப்பை எடுத்து, எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்து, பெட்டியில் போட்டு, பித்தானை அழுத்தினாள்.

"அப்பளம் பொரிக்கணுமே, நான் பாத்துக்கறேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்கு மேலே, ஹாலில் முதலில் சிரிக்கத் தயாராக இருந்தவர்களின் முணுமுணுப்பு கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. முதல் அப்பளம் கருகியது. இரண்டாவதும் கருகியது. மூன்றாவதைப் போடாமல், கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'முட்டைக்கோஸ்' என்ற சொல் வந்தது. இன்னும் கொஞ்சம்தான். 'யார்கிட்டயும் சொல்லிடாதே' வருவதற்குள் போய் நிறுத்தியிருக்கலாம். அவள் கால் நகரவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஓடிவந்தாள். "ஐயையோ! தப்பு கேசட்டைப் போட்டுட்டேனே! இது எனக்கு மட்டும்னு அனுப்பினதாச்சே!"

விசாலாக்ஷி மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிச்சுமணி மாமா காலித் தட்டோடு கதவருகில் நின்றிருந்தார். கல்பனா அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, "மாம், வொய் இஸ் ஸ்வர்ணா ஆன்ட்டி க்ரையிங்?" என்றாள். பசுபதி கேசட்டை வெளியே எடுத்தான். அந்தச் சிவப்பு எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

காரில் வீடு திரும்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"தப்பா போட்டியா, வேணும்னு போட்டியா?"

"தப்பாத்தான். சத்தியமா" என்றாள் ஜலஜா.

அவன் அதன் பிறகு ஃப்ரீவேயில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. ஜலஜா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பீஜிங்குக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தாள்.

புதன்கிழமை செய்தி வந்தது. பிச்சுமணி மாமா சிவராமகிருஷ்ணன் விஷயமாக மேலிடத்தில் ஒரு மணி நேரம் பேசினாராம். மறுநாள், வியாழக்கிழமை, பீஜிங்குக்கு டெலெக்ஸ் செய்தியும் போயிற்றாம். ஜலஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்குப் போய் மூன்று பேருக்கும் கனத்த குளிர்கோட்டு வாங்கினாள். மௌரி அவென்யூவில் துவரம்பருப்பும் புளியும் பெருங்காயமும் மூட்டையாக வாங்கிவந்து கராஜில் அடுக்கினாள். விசாலாக்ஷி மாமியிடம் போன் செய்து, "பாவம் மாமி ஸ்வர்ணா, வந்தா நம்மாத்துலயே ஒரு வாரம் தங்கட்டும்" என்று சொல்லிவைத்தாள். தன் நல்ல மனசை நினைத்து அவளுக்கே அழுகை வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் அடித்தது. ஆபரேட்டர் பெயர் கேட்டு, காத்திருக்கச் சொல்லி, இணைப்புக் கொடுத்தாள்.

"ஜலஜா! நான்தான்டி!"

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தாலும் தெளிவாக இருந்தது. பின்னால் எண்ணெயில் கடுகு வெடிப்பது கேட்டது.

"ஸ்வர்ணா? எங்கேருந்து பேசறே? கிளம்பியாச்சா?"

"எங்க கிளம்பறது? வீடு குடுத்துட்டாடி! வெளிநாட்டுக்காராளுக்குன்னு கட்டின ஃபிளாட். ரெண்டு பெட்ரூம். கேஸ் அடுப்பு இருக்கு, கேக்கறதா? இங்க காலம்பற ஒம்பது மணி, ரசம் வெச்சிண்டிருக்கேன். மீனு தட்டை வெச்சிண்டு உக்காந்திருக்கா. எம்பஸி ஸ்கூல்ல அவளுக்கு சீட்டும் வாங்கிக் குடுத்துட்டா. டெலெக்ஸ் வந்ததும் ஃபாக்டரிக்காரா பதறிட்டா. இவர் இல்லாம மெஷின் ஓடாதாம், எங்களை எப்படியாவது இருக்க வெச்சாகணுமாம். ஒரு வருஷம் இல்லைடி, மூணு வருஷம்னு கன்ஃபர்ம் பண்ணிட்டா!"

ஜலஜா சுவரில் சாய்ந்துகொண்டாள். மூன்று வருஷம். சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த பசுபதி தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள்.

"எல்லாம் உன்னாலதான். நீ மட்டும் அந்த கேசட்டைப் போட்டிருக்கலைன்னா..."

"அது தப்பா போட்டுட்டேன் ஸ்வர்ணா. என்னை மன்னிச்சுடு. ரெண்டும் பையில இருந்துது, அவசரத்துல மாத்தி எடுத்துட்டேன். எனக்குத் தூக்கமே இல்லை."

மறுமுனையில் ஸ்வர்ணா சிரித்தாள். குக்கர் கதையில் சிரித்த அதே சிரிப்பு இல்லை இது. கொஞ்சம் களைத்த சிரிப்பு.

"சும்மா இருடி. நீ போடுவேன்னுதான் அனுப்பினேன்."

"என்ன சொல்றே?"

"இவர் சத்தியம் வாங்கிண்டுட்டார், நான் எப்படி மாமிகிட்ட சொல்றது? உனக்குன்னு அனுப்பினா நான் சத்தியத்தை மீறினதா ஆகாது. உன் கைக்கு வந்தா மாமி காதுக்குப் போயிடும்னு தெரியும். எதுக்கும் இருக்கட்டும்னு கேசட்லயே மாமி பேரையும் சொல்லிவெச்சேன். ஒண்ணு அடுப்பு கிடைக்கும், இல்லைன்னா டிக்கெட் கிடைக்கும். ரெண்டுல எது கிடைச்சாலும் எனக்கு சரின்னு இருந்தேன். உனக்கு மூணு வாரமாவது ஆகும்னு நினைச்சேன். நீ பத்தே நாள்ல போட்டுட்டே."

ஜலஜாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவமானம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில், அந்த நேரத்திலும், என்ன மூளை பார் இவளுக்கு, இது எனக்குத் தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது. ராத்திரி பகலாக நியாயம் பேசி, அப்பளம் கருக்கி, பொய்ச் சத்தியம் செய்து, புருஷன் முகத்தில் முழிக்க முடியாமல் செய்த காரியம். அதையும் ஸ்வர்ணா சீனாவில் உட்கார்ந்துகொண்டு முன்கூட்டியே கணக்குப் போட்டு முடித்துவிட்டாள்.

"அப்போ நான் உனக்கு என்ன, தபால் பெட்டியா?" என்று கத்தினாள். "இத்தனை வருஷப் பழக்கத்துல என்கிட்ட நேரா கேக்க முடியலையா? 'ஜலஜா, எனக்குக் கஷ்டமா இருக்கு, மாமா காதுல போட்டு வை'ன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் செய்ய மாட்டேனா?"

அங்கே அடுப்பை அணைக்கும் சத்தம். மீனு ஏதோ கேட்டாள். "இருடா கண்ணா" என்று ஸ்வர்ணா அவளிடம் சொன்னாள். பிறகு வாயைப் போனுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தாள். குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

"செஞ்சிருப்பியாடி?"

ஜலஜா வாயைத் திறந்தாள். 'ஏன் மாட்டேன்' என்று சொல்லத்தான் திறந்தாள். பசுபதி பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்வர்ணா நேராகக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவள் ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள். உதவி கிடைத்து ஸ்வர்ணா அங்கேயே நிலைத்துவிடுவாளே என்று அந்தச் செய்தியை யார் காதிலும் விழாமல் பூட்டி வைத்திருப்பாள். மாமி கேட்டால், 'ஸ்வர்ணாவுக்கென்ன மாமி, ராணி மாதிரி இருக்கா' என்று சொல்லியிருப்பாள். ஒரு தடவையாவது ஸ்வர்ணா எதிலாவது தோற்று, தாங்க முடியாமல் தானே திரும்பட்டும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"மாட்டேன்டி" என்றாள்.